எந்தச் சான்று வேணும்?

"சாதிச் சர்டிபிகேட் வேணுங்க" என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது "எதுக்குங்க?" என்பதைத்தான். வந்தவர் முகம் ஒரு கணம் சுருங்கும். நம்ம சாதி மேல இந்த ஆளுக்கு என்ன சந்தேகம் என்று நினைப்பார். எனக்குச் சந்தேகம் சாதியில் இல்லை, படிவத்தில். மாநில அரசு வேலைக்கு ஒரு தாள். ரயில்வேக்கும் வங்கிக்கும் வேறு தாள். பஸ் பாஸை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறினால் பரிசோதகர் என்ன செய்வார்? பாஸ் அசல்தான், ஒட்டியிருப்பதும் உன் படம்தான், ஆனாலும் இறங்கு என்பார்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு வர பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

1989இல் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வருவாய்த் துறைக்கு வந்தேன். மேற்கு மாவட்டம் ஒன்றில், மலையடிவாரத்தில் ஒரு தாலுகா ஆபீஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி, சாதிச் சான்று அட்டை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். முந்தைய வருஷம் மே மாதம்தான் வருவாய்த் துறையின் 781ஆம் எண் அரசாணை வந்து, நிரந்தர அட்டை முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன் பள்ளியில் சேர ஒரு சான்று, உதவித்தொகைக்கு ஒரு சான்று, வேலைக்கு ஒரு சான்று என்று ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டும். அட்டை வந்த பிறகு ஒரே தடவை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். சாதி மாறுவதில்லையே! பேர், அப்பா பேர், ஊர், வட்டம், மாவட்டம், சாதி, அது எந்தப் பட்டியலில் வருகிறது என்பதையெல்லாம் நான் எழுதுவேன். கையெழுத்து அதிகாரியுடையது. கடைசியில் வட்ட முத்திரை. மை காய்வதற்குள் அடுத்த அட்டையை மேலே வைத்துவிட்டால் முத்திரை இழுபட்டுப்போகும். இழுபட்ட முத்திரையைப் பார்த்து, முப்பது வருஷம் கழித்து எங்கேயோ ஒருவர் "இது போலியா?" என்று கேட்டுக் கடிதம் போடுவார். அப்படி வந்த கடிதங்களுக்கும் பின்னாளில் நானே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் சேர்ந்த வருஷமே இன்னொரு மாற்றமும் வந்தது. பழங்குடியினர் சான்று தரும் அதிகாரத்தை 1989 நவம்பர் 11இல் தாசில்தாரிடமிருந்து எடுத்து கோட்டாட்சியரிடம் கொடுத்தார்கள். இன்றும் வரிசை அதுதான்: பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், ஆதிதிராவிடருக்குத் தாசில்தார், பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணைத் தாசில்தார். அண்ணன் தம்பி இருவர். அண்ணன் அந்தத் தேதிக்கு முன்னால் தாசில்தாரிடம் வாங்கினான், மெய்த்தன்மை சரிபார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். தம்பி அதற்கப்புறம் அதே மேசையில் வாங்கினான், செல்லாது. ஒரே தாய் வயிறு, ஒரே மலை. நடுவில் நின்றது ஒரு தேதி மட்டும்.

எண்களைப் பார்த்தால் எளிமையாகத் தெரியும். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. 1994இல் இதற்கான சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். ஆனால் கவுண்டரில் நிற்பவருக்கு விழுக்காடு பிரச்சினையே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு தாள். அந்தத் தாளுக்கு ஆதாரமாக அவரிடம் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் சிக்கும்.

2009இல் ஆதிதிராவிடருக்கான 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எங்கள் பக்கம் அருந்ததியர் அதிகம். சட்டம் ஏழு பெயர்களைச் சொல்கிறது: ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி. அட்டையில் இந்த ஏழில் ஒன்று இருந்தால்தான் உள் ஒதுக்கீடு. ஆனால் அந்த மக்களில் பலருடைய பள்ளிப் பதிவேட்டில் இருந்தது 'இந்து ஆதி திராவிடர்'. ஏன் என்று கேட்டால், நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் அப்படி எழுதினார், அவ்வளவுதான். எல்லாரையும் ஒரே பெயரில் எழுதுவது அவருக்குச் சுலபம்.

பேரூராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஒருவர், மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பட்டப்படிப்பு முடித்தவன். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: பையனின் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, தன்னுடைய பழைய அட்டை. மூன்றிலும் ஆதி திராவிடர்.

"பழைய பத்திரம் ஏதாச்சும் இருக்குங்களா? உங்க அப்பா, தாத்தா பேர்ல?"

"நெலம் இருந்தாத்தானுங்க சார் பத்திரம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் உறைத்தது. பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவர் சாதியும் தெளிவாக இருக்கும். அதனால் விசாரணையில் அதைப் பெரிய ஆதாரமாக நினைப்போம். நிலம் வைத்திருந்த சாதிக்காரர் தன் சாதியை நிரூபிக்க ஐந்து நிமிஷம் போதும். நூறு வருஷமாக நிலமே தொடவிடாமல் வைத்திருந்தவர்களிடம் போய், நீ இன்னார் என்பதற்குப் பத்திரம் கொண்டுவா என்கிறோம். ஒதுக்கீடு யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் கையில்தான் தாள் குறைவாக இருக்கும். இது என் முப்பத்து நான்கு வருஷ வேலையில் திரும்பத் திரும்பக் கண்டது. கடைசியில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வோடு அந்தத் தெருவுக்கே போனோம். பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எங்கே என்று கேட்டோம். கோயில் வரி எந்தக் கூட்டத்தில் கட்டுகிறார்கள் என்று கேட்டோம். அவருடைய சின்ன அக்கா மகனுக்குப் பக்கத்து வட்டத்தில் சரியான பெயரில் அட்டை கிடைத்திருந்தது. அதை வைத்து வாக்குமூலம், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கை எல்லாம் எழுதி அட்டையைத் திருத்திக் கொடுத்தோம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைத் தாளில் ஏற்ற ஆறு வாரம்.

பழங்குடியினர் விசாரணை இன்னும் கடினம். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூர்நோக்குக் குழுக்கள் அமைக்கச் சொன்ன பிறகு, மெய்த்தன்மை சரிபார்ப்பில் மானுடவியல் தெரிந்தவரும் சேர்ந்தார். போலிச் சான்றில் வேலைக்குப் போனவர்கள் உண்டு, அதனால் தேவைதான். ஆனால் ஒரு வயசான அம்மாவை உட்காரவைத்து, உங்கள் குலதெய்வம் எது, செத்தவரை எந்தத் திசையில் வைப்பீர்கள், கல்யாணத்தில் என்ன சடங்கு என்று வெளியூர்க்காரர்கள் நாலு பேர் கேட்டு எழுதிக்கொள்ளும்போது, பக்கத்தில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. எந்த ரெட்டியாரிடமும் முதலியாரிடமும் போய் உங்கள் திதியை எப்படிக் கொடுப்பீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தச் சோதனை மட்டுமே உரைகல் ஆகிவிடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது, நான் ஓய்வு பெறப் போகிற சமயம்.

இடமும் ஒரு விவகாரம். மலையாளி என்ற மலைவாழ் மக்கள் சேலம், தருமபுரி போன்ற சில பழைய மாவட்டங்களில் மட்டும் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே மக்களுக்கு அந்தச் சான்று கிடையாது. வண்ணார், கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் ஆதிதிராவிடர் பட்டியலில் வருவார்; மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டவர். திருவிதாங்கூரோடு இருந்த பகுதிகள் 1956இல் நம்மோடு சேர்ந்தபோது பட்டியலும் கூடவே வந்த கதை அது. நரிக்குறவர்கள் நெடுங்காலம் கேட்டு, பழங்குடியினர் பட்டியலில் ஏறியது 2023 ஜனவரியை ஒட்டித்தான். ஆகவே அட்டையில் எழுதியிருக்கும் தேதியையும் ஊரையும் பார்க்காமல் சாதிப் பெயரை மட்டும் பார்ப்பவன் பாதி அட்டையைத்தான் படிக்கிறான்.

இப்போது அந்தப் பெண்.

1992 வாக்கில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொத்தமாக அட்டை எழுதினோம். தலைமையாசிரியர் பட்டியல் கொடுத்தார். பதிவேட்டில் அப்பா பேர் இருக்கும் கட்டத்துக்குத் தலைப்பு 'தந்தை அல்லது பாதுகாவலர் பெயர்'. நான் 'அல்லது'வைக் கவனிக்கவில்லை. ஒரு நாளில் இருநூறுக்கு மேல் எழுதினேன் என்று அன்று பெருமை வேறு. எட்டு வருஷம் கழித்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போயிருக்கிறாள். விண்ணப்பத்தில் இறந்துபோன அப்பா பேர். அட்டையில் அவளை வளர்த்த தாய்மாமன் பேர். "இந்த அட்டை உன்னுடையதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, தாளில் இருப்பதைத்தான் அவர்கள் பார்க்க முடியும். ஒதுக்கீட்டுக் கோரிக்கையைத் தள்ளிவிட்டுப் பொதுப் பிரிவில் வைத்தார்கள். பொதுப் பிரிவில் அவளுடைய மதிப்பெண்ணுக்கு இடம் எட்டவில்லை.

அட்டையைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. என் 'ழ'வுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. மாமன் பேரில் அந்த 'ழ' இருந்தது.

"யாருங்க சார் இப்படி எழுதினது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆபீஸ்ல எழுதினதும்மா" என்றேன். நான் என்று சொல்ல வாய் வரவில்லை. இறப்புச் சான்றைப் பார்த்து இரண்டே நாளில் புது அட்டை எழுதிக் கொடுத்தோம். பழையதைக் குறுக்குக் கோடு போட்டு ரத்து செய்து கோப்பில் வைத்தேன். ஆனால் கலந்தாய்வு தரவரிசைப்படி போகிற விஷயம். அவளுடைய முறை தாண்டிப்போயிருந்தது. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது.

அதற்கப்புறம்தான் சான்று கேட்டு வருபவரிடம் "எதுக்குங்க?" என்று கேட்டு, விண்ணப்பத்தையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பார்க்கப் பார்க்க அதில் தட்டுப்பட்டவை கொஞ்சமல்ல. கல்யாணமான பெண்கள் கணவர் பேரில் சாதிச் சான்று வாங்கிவைத்திருப்பார்கள். அது செல்லாது, பிறப்பால் வருவது என்பதால் அப்பா பேரில்தான் வேண்டும். புருஷன் பேரில் ஆதார், அப்பா பேரில் அட்டை என்றால் பிள்ளைகளுக்கே குழப்பம். விதவைச் சான்று தாசில்தார் தந்தது ஒன்று இருக்கும். ஆனால் பெண்களுக்கான 30 விழுக்காட்டுக்குள் கேட்கும் ஒதுக்கீட்டுக்கு வேண்டியது 'ஆதரவற்ற விதவை' சான்று. கோட்டாட்சியர் கையெழுத்து அதற்கு வேண்டும். எல்லா வழியிலும் சேர்ந்து மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இருக்கக் கூடாது. 'ஆதரவற்ற' என்ற ஒரு சொல் இல்லாததால் கையில் இருந்த இடத்தை விட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

மத்திய அரசு வேலை என்றால் தனிக் கதை. மண்டல் வழக்கில் 1992 நவம்பரில் வந்த தீர்ப்பின்படி, பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓ.பி.சி.) 27 விழுக்காட்டில் வசதியான அடுக்கு என்கிற கிரீமி லேயர் வெளியே போக வேண்டும். நம் மாநில ஒதுக்கீட்டில் அந்த அடுக்கே கிடையாது. அதனால்தான் மாநில அட்டை ஆயுசுக்கும், ஓ.பி.சி. சான்று மட்டும் வருஷக் கணக்கு. படிவம் வேறு, வாசகம் வேறு. ஒரு பையன் வந்தான். அப்பா அரசு ஊழியர், குரூப் சி, அம்மா வீட்டில். சம்பளம் வருஷத்துக்கு ஒன்பது லட்சத்தைத் தொடும். வரம்பு எட்டு லட்சம், 2017இல் உயர்த்தியது. எங்கள் ஆபீசிலேயே ஒருவர் "கிரீமி லேயர்ப்பா, கிடையாது" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த எட்டு லட்சக் கணக்கில் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் பிள்ளைக்குப் பார்ப்பது பெற்றோரின் பதவி நிலையை: நேரடியாகக் குரூப் ஏ ஆனவரா, இரண்டு பேருமே குரூப் பி ஆனவர்களா என்று. இதை 2004இலேயே மத்திய அரசு விளக்கிவிட்டது. விளக்கக் கடிதத்தைக் கண்டுபிடித்து மேசையில் வைத்த பிறகுதான் கையெழுத்தானது. எத்தனை பிள்ளைகள் அந்தக் கடிதம் இருப்பதே தெரியாமல் திரும்பிப் போயிருப்பார்கள்!

தேதி விஷயத்தில் நீதிமன்றத்தை நம்பலாமா என்று பலர் கேட்பார்கள். ராம்குமார் கிஜ்ரோயா வழக்கில் 2016இல், ஓ.பி.சி. சான்றைக் கடைசித் தேதிக்குப் பிறகு கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2023 அக்டோபரில் அதே நீதிமன்றத்தில் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர்கள், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான வருமான - சொத்துச் சான்றை உரிய தேதிக்குள் உரிய வடிவில் தராததற்காகத் தோற்றார்கள். 2025 மே மாதம் உத்தரப் பிரதேசக் காவல் துறைத் தேர்வு வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை கேட்ட படிவத்தில் சான்று இல்லாவிட்டால், அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பது மட்டும் போதாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. 2016 தீர்ப்பின் நகலைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதைவிட, சரியான சான்றைப் போட்டுக்கொண்டு போவது மேல் என்பதே என் கட்சி.

தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு சாதி ஒதுக்கீடு அல்ல, ஆனாலும் அதுவும் தாளில்தான் நிற்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததற்குச் சான்று வேண்டும். முப்பது வயசு ஆள்கள் தொடக்கப் பள்ளி வாசலில் போய் நின்று, தன்னைவிட இளைய தலைமையாசிரியையிடம் "நான் இங்க ஒண்ணாப்பு படிச்சேங்க டீச்சர்" என்று சொல்லும் காட்சியை அந்த வருஷங்களில் நிறையப் பார்க்கலாம். மூடிவிட்ட பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த வாசலும் இல்லை.

இப்போது எல்லாம் இ-சேவையில். சாதிச் சான்றுக்குக் குறியீடு ரெவ்-101, கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணைத் தாசில்தார் என்று கோப்பு கணினியிலேயே நகரும். இழுபட்ட முத்திரை கிடையாது. நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பையனும் "எதுக்கு?" என்று கேட்பதில்லை. கேட்டதைத் தட்டி அனுப்புகிறான். என் 'ழ' செய்த தப்பை இப்போது விசைப்பலகை செய்கிறது.

2023இல் ஓய்வு பெற்றேன். சாயங்காலம் நூலகத்துக்குப் போனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மொபைலில் அறிவிக்கையைக் காட்டுவார்கள். காலியிடம் எத்தனை, வயசு வரம்பு என்ன என்ற பக்கங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருப்பார்கள். கடைசியில் படிவங்கள் இருக்கும் பக்கம் வரை யாரும் போயிருக்க மாட்டார்கள். அங்கேதான் எந்தச் சான்று, யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் இருக்கும்.

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு அட்டை இருக்கும். இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். உங்கள் இனிஷியல், அப்பா பேர், சாதிப் பேர் மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் விண்ணப்பத்திலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே தாலுகா ஆபீசுக்குப் போய்விடுங்கள். அறிவிக்கை வந்துவிட்டால் வரிசை வாசல் தாண்டித் தெரு வரைக்கும் நிற்கும்.